கர்ப்பிணித் தாய்மாரும் காய்கறிகளும்

(ஃபேர்லேண்ட்ஸ் மகளிர் நலக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



நம் இல்லங்களில் ஒரு பெண் கருவுற்றாள் என்றதும், "இதை உண்ணாதே, அதைத் தொடாதே" என்னும் பட்டியல் நீள்கிறது. அன்பினால் எழும் இவ்வச்சம் சில வேளைகளில் தாயின் ஊட்டத்தையே குறைத்துவிடுகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதத்தினர் இரத்தசோகை உடையோர். அத்தகைய தாய்க்குப் பிரசவத்தின்போது உதிரப்போக்கு ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே, காய்கறிகளையெல்லாம் விலக்குவதைவிட, எதனை எவ்வாறு உண்பது என்பதை அறிந்துகொள்வதே முக்கியமாகும்.

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பெருமளவில் விளையும் குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளியை எடுத்துக்கொள்வோம். அதில் சயனைடு என்னும் நஞ்சை வெளியிடும் பொருள் இயற்கையாகவே உள்ளது. தோலில் அது மிகுதி. ஆதலின் தோலை முழுவதும் நீக்கி, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் மூடாமல் நன்கு வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட வேண்டும். கசக்கும் கிழங்கை அறவே ஒதுக்க வேண்டும். சரியாக வேகாத கிழங்கை அடிக்கடி உண்டால், உடல் அயோடினைப் பயன்படுத்துவது தடைபடும். சிசுவின் மூளை வளர்ச்சிக்கு அயோடின் இன்றியமையாதது.

பப்பாளிக் காயின் பால், எலிகளில் நடந்த ஆய்வில் கருப்பையைச் சுருங்கச் செய்தது. எனவே காயைத் தவிர்ப்பது நலம். நன்கு கனிந்த பழத்திற்கு அக்குறையில்லை. பச்சை நிறமேறிய, முளைவிட்ட உருளைக்கிழங்கும் வேண்டாம். ஆனால் குழம்பில் அளவோடு சேரும் கத்தரிக்காயால் கரு கலையும் என்பதற்கு ஆதாரமில்லை.

வெள்ளரி, கேரட், கொத்தமல்லி போன்று பச்சையாக உண்பவற்றை ஓடும் நீரில் நன்கு கழுவ வேண்டும். பூனைக் கழிவு கலந்த மண்ணின் வழியே பரவும் டாக்ஸோபிளாஸ்மா என்னும் கிருமி கருவையும் தாக்க வல்லது.

முருங்கைக்கீரையையும் சிறுகீரையையும் சமைத்து, எலுமிச்சைச் சாறு சேர்த்து உண்டால் இரும்புச்சத்து நன்கு உடலில் சேரும். உணவோடு தேநீர் அருந்தினால் அது குறையும். ஆயினும் கீரை மட்டும் போதாது. நான்காம் மாதம் முதல் சுகாதார நிலையத்தில் தரப்படும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையை நாள்தோறும் தவறாது உட்கொள்ள வேண்டும்.

மாமியார்மார்களே, கணவன்மார்களே! விலக்க வேண்டியவை சிலவே. கொடுக்க வேண்டியவையோ பல. ஐயம் எழுந்தால் அண்டை வீட்டாரிடம் அன்றி, மருத்துவரிடம் கேளுங்கள்.