சாயத்தொட்டியில் கரைந்த உப்பு



வளரும் நாடுகளில் ஓர் ஆறு கெட்டுப்போனால், ஜனம் பெருகிவிட்டது என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறோம். நொய்யலின் கதை தெரிந்தவர்களால் அப்படி முடித்துவிட முடியாது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியே ஓடிக் காவிரியில் சேரும் ஆறு அது. 1981 கணக்கெடுப்பில் திருப்பூர் நகரில் இருந்தவர்கள் சுமார் 1,65,000 பேர். 2001இல் 3,44,000 பேர். மழை பொய்த்த ஊர்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் இவர்களில் ஏராளம். அவர்கள் வீட்டுக் கழிவுநீரும் ஆற்றில்தான் விழுந்தது, மறுக்கவில்லை. ஆனால் வயலைக் கொன்றது அதுவல்ல. உப்பு.

திருப்பூரின் பனியன் சாயப்பட்டறைகளில், பருத்தியில் சாயம் நன்றாக ஏற, சாயத்தொட்டியில் உப்பைக் கொட்டுவார்கள். சாயத்தை நூலோடு சேர்ப்பதுதான் அதன் வேலை. துணியில் அது தங்காது. அலசுகிற தண்ணீரோடு வெளியே வந்துவிடும். நிறத்தை நீக்கிவிடலாம், கரைந்த உப்பை நீக்கச் சாதாரணச் சுத்திகரிப்பால் ஆகாது. பார்வைக்குத் தெளிந்த தண்ணீர்கூடக் கிணற்றில் இறங்கிப் பயிரைக் கருக்கியது.

நொய்யலின் குறுக்கே பாசனத்துக்கென்று கட்டி, 1990களின் தொடக்கத்தில் முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையாகிப்போனது. தண்ணீர் திறந்துவிடாதீர்கள் என்று கீழ்மடை உழவர்களே போராட வேண்டி வந்தது. அணைத் தண்ணீரை வேண்டாம் என்று ஓர் உழவர் சொல்வதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

2006இல், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்றது சென்னை உயர்நீதிமன்றம். உத்தரவு நடப்புக்கு வராததால், 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே வேலையில்லாமல் திண்டாடியது. பிறகு கழிவைச் சவ்வூடு வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் மீட்டெடுத்து மறுபடி பயன்படுத்தும் நிலையங்கள் வேலை செய்யத் தொடங்கின.

இதற்கு மின்சாரமும் விறகும் நிறையச் செலவாகும். அந்தச் செலவு பட்டறைக்காரர் தலையில் விழுகிறது. சாயமேறிய பனியனில் கணிசமான பங்கு கப்பலேறி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. அங்கே அதை வாங்கி விற்கும் நிறுவனங்கள் உருப்படிக்கு இன்னும் சில ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாக வேண்டும். திருப்பூரில் தைப்பவர் எத்தனை பேர் என்று எண்ணுவதற்கு முன்னால், இந்தக் கணக்கைத்தான் நாம் கேட்க வேண்டும்.