கண்ணாடி இழையும் நமது குடியிருப்பும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் கல்வியைப் பற்றிப் பேசாமல் கம்பியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். இச்சங்கம் 2000ஆம் ஆண்டில் தோன்றியபோது நம் பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தவை நோட்டுப் புத்தகம், இரவுப் பாடசாலை, தேர்வுக் கட்டணம் ஆகியவையே. இன்று நிலைமை வேறு. கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பம் இணையத்தில். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் இணையத்தில். அரசுப் பணித் தேர்வுக்கான விண்ணப்பமும் நுழைவுச் சீட்டும் இணையத்தில். பொறியியல் கலந்தாய்வு 2018ஆம் ஆண்டு முதல் இணைய வழியாகவே நடைபெறுகிறது. முன்பு தந்தையும் மகளும் சென்னைக்குப் பேருந்து ஏறி அண்ணா பல்கலைக்கழகத்தில் வரிசையில் நின்றார்கள். இப்போது குறித்த நாட்களுக்குள், குறித்த நேரத்திற்குள், வீட்டிலிருந்தே கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பூட்டிவிட வேண்டும். அலைச்சலும் செலவும் மிச்சம் என்பது உண்மையே. ஆனால் அந்த மிச்சம் இணைப்புள்ள வீட்டுக்குத்தான். இணைப்பில்லாத வீட்டுப் பிள்ளைக்குச் சென்னைப் பேருந்துக்குப் பதிலாகக் கடைத்தெருவில் உள்ள கணினி மையம் வாய்த்திருக்கிறது. அதுவும் இரவு எட்டு மணிக்குக் கதவடைத்துவிடும்.

நம் ஊரின் நிலை நீங்கள் அறியாததன்று. நெடுஞ்சாலை ஓரமாக வந்த கண்ணாடி இழைக் கம்பி ஊராட்சி அலுவலகத்தைத் தொட்டு, கடைத்தெருவையும் மேலத்தெருவையும் சுற்றி, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே உள்ள மின்கம்பத்தில் சுருளாகத் தொங்குகிறது. அந்தக் கம்பத்துக்கும் நம் காலனியின் முதல் வீட்டுக்கும் இடையே இருப்பது ஓர் ஓடையும் ஒன்பது மின்கம்பங்களும். சங்கத்தின் சார்பில் நாம் மூன்று முறை விண்ணப்பித்தோம். மூன்று முறையும் 'தற்போது சாத்தியமில்லை' என்றே மறுமொழி வந்தது. நேரில் சென்று கேட்டபோது, ஐம்பது வீடுகள் முன்பணம் கட்டினால் பார்க்கலாம் என்றார்கள். வீடுகளில் கேட்டால், கம்பி வந்தால் கட்டுகிறோம் என்கிறார்கள். கம்பி வராமல் பணம் இல்லை. பணம் இல்லாமல் கம்பி இல்லை. இப்படியே நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன.

'கம்பிக்குச் சாதி தெரியுமா?' என்று நண்பர் ஒருவர் எம்மைக் கேட்டார். தெரியாது என்பதே நமது விடையும். இணைப்புத் தருபவர் கணக்குப் பார்க்கிறார். தூரத்தையும் வீட்டு எண்ணிக்கையையும் மாத வரவையும் கூட்டிக் கழிக்கிறார். அவரிடம் வேறு உள்நோக்கம் இருப்பதாகச் சொல்ல நம்மிடம் சான்று இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் முதலில் வரும் தூரம் எங்கிருந்து வந்தது? ஓடைக்கு அப்பால் குடியிருக்க வேண்டும் என்று நம் பாட்டன்மார் விரும்பிக் கேட்டுப் பெற்றார்களா? ஊர் வேறு, சேரி வேறு என்று வகுத்தவர்கள் அளந்த தூரம் அது. அந்தத் தூரத்தைத்தான் இன்று கம்பிக்கணக்கு போடுகிறவர் மீட்டரில் எழுதிக்கொள்கிறார். தெருவிளக்கும் அவ்வாறே வந்தது. குடிநீர்க் குழாயும் அவ்வாறே வந்தது. தார்ச்சாலை ஓடைக்கு இப்பால் வருவதற்குள் ஒரு தலைமுறைக்கு வயதாகிவிட்டது. பொதுச் சாலையும் பொதுக் கிணறும் அனைவருக்கும் உரியவை என்று சென்னை மாகாணத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் முயற்சியால் 1924ஆம் ஆண்டிலேயே அரசாணை பிறந்தது. ஆணை பிறந்த நாளுக்கும் நம் பாட்டிமார் அச்சமின்றித் தண்ணீர் இறைத்த நாளுக்கும் இடையே எத்தனை ஆண்டுகள் கழிந்தன என்பதை இங்கு அமர்ந்திருக்கும் முதியோர் சொல்லக் கேட்கலாம்.

மாணவர்கள் நிறையப் பேர் வந்திருப்பதால் இந்தக் கண்ணாடி இழையின் தன்மையைச் சிறிது விளக்குதல் பொருந்தும். (வகுப்பறைப் பழக்கம் எம்மை விட்டுப் போகாது, பெரியோர்கள் பொறுத்தருள்க.) பழைய தொலைபேசிக் கம்பி செம்பினால் ஆனது, அதில் மின்குறிப்பு செல்லும். தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூட அக்குறிப்பு தேய்ந்து, இணைய வேகமும் குறைந்துவிடும். கண்ணாடி இழையிலோ செல்வது ஒளி. மயிரிழை போன்ற கண்ணாடிக்குள் புகுந்த ஒளி வெளியேற இயலாமல் உட்சுவரில் பட்டுப் பட்டு முன்னேறுகிறது. முழு அக எதிரொளிப்பு என்று பள்ளியில் படித்தீர்களே, அதுதான். கண்ணாடியைப் போதிய அளவு தூய்மைப்படுத்தினால் ஒளியைக்கொண்டு நெடுந்தூரம் செய்தி அனுப்பலாம் என்று சார்லஸ் காவ் என்னும் அறிஞர் 1966இல் எடுத்துரைத்தார். அதற்காக 2009இல் நோபல் பரிசு பெற்றார். ஒரே இழையைப் பிரிப்பான் கொண்டு 32 வீடுகளுக்கும் பகிர்ந்து கொடுக்கலாம். ஆதலால் ஒன்பது கம்பங்கள் என்பது இத்தொழில்நுட்பத்துக்கு ஒரு தூரமே அன்று.

வேகத்தையும் கணக்கிட்டுப் பார்ப்போம். 2004ஆம் ஆண்டின் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அது பிராட்பேண்ட் என்றது. 2013இல் அதை 512 ஆக்கினார்கள். 2023 ஜனவரியில்தான் 2 மெகாபிட் என உயர்த்தினார்கள். முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள் தொகுப்பு ஒன்று 25 மெகாபைட் இருப்பதாகக் கொள்வோம். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். ஆகவே 200 மெகாபிட். பழைய 256 கிலோபிட் வேகத்தில் அது வந்து சேர 13 நிமிடம். 2 மெகாபிட் வேகத்தில் 100 நொடி. மேலத்தெருவில் இன்று கிடைக்கும் 100 மெகாபிட் இணைப்பில் 2 நொடி. ஒரே வினாத்தாள், ஒரே தேர்வு என்பதை மட்டும் நினைவிற்கொள்க.

'கைப்பேசி இருக்கிறதே, அது போதாதா?' என்பார் உண்டு. போதாது. நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி அல்லது இரண்டு ஜிபி என்று அளந்து தருகிறார்கள். நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் காணொளிப் பாடம் பார்த்தால் 900 மெகாபைட் தீர்ந்துவிடும். இரண்டு பாடம் பார்த்தால் அன்றைய படி முடிந்தது. அந்தக் கைப்பேசியும் வீட்டுக்கு ஒன்றுதான்; காலையில் தந்தையோடு வேலைக்குப் போய்விடும்; மாலையில் திரும்பும்போது அண்ணனுக்கா தங்கைக்கா என்று வழக்கு எழும். தங்கை தோற்கும் வழக்கு அது. தகரக்கூரை வீட்டுக்குள் கோபுரத்தின் அலை நுழையாமல் பிள்ளைகள் ஓடைப் பாலத்தின் மேல் உட்கார்ந்து படித்த காட்சியை 2020இல் நாம் அனைவரும் கண்டோம். அவ்வாண்டு மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் 2021 ஜனவரி 19 அன்றுதான் திறந்தன. எட்டாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகள் 2021 நவம்பர் 1 அன்றே பள்ளிக்குத் திரும்பினார்கள். கல்வித் தொலைக்காட்சி பேருதவி செய்தது. அதனை மறப்பது நன்றியன்று. எனினும் தொலைக்காட்சியிடம் ஐயம் கேட்க முடியாது. அந்தக் காலத்தில் எழுத்துக்கூட்டும் பழக்கத்தை இழந்துவிட்ட பிள்ளைகளை மீட்டெடுக்க நாம் பட்ட பாடு கொஞ்சமன்று.

இன்று அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும் திறன்மிகு வகுப்பறைகளும் வந்துள்ளன. நல்லது. ஆனால் பள்ளி மாலையில் மூடப்படுகிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவன் இரவில்தான் படிக்கிறான். இணையத்தை அடையும் உரிமை, கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. விடுதியில் கைப்பேசிக்குத் தடை விதித்ததை எதிர்த்ததற்காக வெளியேற்றப்பட்ட ஒரு கல்லூரி மாணவியின் வழக்கு அது. அம்மாணவி எழுப்பிய கேள்வியை நம் தாய்மார்கள் சற்று எண்ணிப் பார்த்தல் நலம். வீட்டுக்கு இணையம் வந்தால் பிள்ளை கெட்டுப் போகும் என்ற அச்சம் சிலரிடம் இருக்கிறது. அச்சம் பொய்யன்று, விளையாட்டும் சினிமாவும் அதன் வழியே வரத்தான் செய்யும். அவற்றை எல்லாம் கைப்பேசி முன்னரே கொண்டுவந்துவிட்டது. கொண்டுவராதது பாடம் ஒன்றுதான்.

இனி, பணம் யாருடையது என்பதையும் அறிந்துகொள்க. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் வருவாயிலிருந்து 5 விழுக்காட்டைப் பொதுச்சேவைக்கான நிதிக்குச் செலுத்தி வருகின்றன. நகரத்தில் கிடைக்கும் வசதி சிற்றூருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அந்நிதியின் நோக்கம். 2011இல் தொடங்கி, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்ற திட்டம் நாட்டின் இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்க வகுக்கப்பட்டது. நம் மாநிலத்தில் 12,525 ஊராட்சிகளை இணைக்கத் தனி நிறுவனமே அமைக்கப்பட்டது. கூலி வேலை செய்யும் நம் சகோதரர் மாதந்தோறும் கைப்பேசிக்குக் கட்டும் தொகையிலும் அந்த நிதிக்குரிய காசு இருக்கிறது. ஆகவே நாம் கேட்பது சலுகையன்று. திட்டத்தின் குறை யாதெனில், அது ஊராட்சி அலுவலகத்தின் வாசலைச் சென்றடைவதையே முதல் இலக்காகக் கொண்டது. அலுவலகம் பெரும்பாலும் ஊருக்குள் இருக்கிறது. ஊராட்சி இணைக்கப்பட்டது என்று ஏட்டில் எழுதியபோது நம் காலனியும் இணைக்கப்பட்டதாகவே கணக்கு ஏறிவிட்டது. கேரளத்தில் 2023 ஜூனில் தொடங்கப்பெற்ற கே-ஃபோன் திட்டம் ஏழைக் குடும்பங்களுக்கு வீட்டு இணைப்பையே இலவசமாகத் தர முன்வந்தது. வீட்டுக் கதவை இலக்காக வைத்ததனால் அதைக் குறிப்பிடுகிறோம்.

அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் வார இதழ் தொடங்கியபோது 'ஒரு பைசாத் தமிழன்' என்று விலையையே அதற்குப் பெயராகச் சூட்டினார். அறிவு எளியவர் கைக்கு எட்டும் விலையில் இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு அத்தனை அக்கறை. கம்பி வந்தாலும் மாதக் கட்டணம் நம்மில் பலருக்குச் சுமைதான். அதனால் முதலில் வீடுதோறும் என்று நாம் பிடிவாதம் செய்ய வேண்டியதில்லை. சங்க வாசகசாலை காலனியின் நுழைவாயிலிலேயே இருக்கிறது. முதல் இணைப்பை அங்கு பெறுவோம். மாலை 6 மணி முதல் 9 மணி வரை வாசகசாலை திறந்திருக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் பெண் பிள்ளைகளுக்கு. வாசகசாலைக்குக் கம்பி வந்துவிட்டால் ஒன்பது கம்பங்களின் கேள்வி தீர்ந்துவிடும்; அங்கிருந்து வீடுகளுக்கு இழுப்பது சிறு வேலை.

அதற்காக அடுத்த கிராம சபையில் தீர்மானம் வைக்கச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. நம்மவர் பத்துப் பேர் கூடப் போவதில்லை. இம்முறை வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும். பெண்கள் வருவது இன்னும் நல்லது. தீர்மானத்தின் நகல் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அன்றே அனுப்பப்படும். இணைப்பு வேண்டுவோர் பட்டியலும் அதனுடன் சேர வேண்டும். படிவம் வாசகசாலை மேசையில் இருக்கிறது. குடும்பத் தலைவர் பெயர், மின் இணைப்பு எண், படிக்கும் பிள்ளைகளின் வகுப்பு ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திடுங்கள். மின் இணைப்பு இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே இருக்கும் வீடுகள் பல உள்ளன. அவர்கள் வீட்டு வரி ரசீதைக் கொண்டுவந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் நாம் அங்கேயே இருப்போம்.