ஐந்து சதத்தில் தொடங்கிய கோவில்

(எமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மேடைப் பேச்சாளன் அல்ல. ஊரில் ஏ.எல். வரை படித்தேன். இஞ்ச வந்த நாளிலிருந்து தொழிற்சாலை வேலைதான். ஆனபடியால் அலங்காரப் பேச்சு ஒன்றும் என்னிடம் எதிர்பார்க்காதேங்கோ. ஊர்க் கோவிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கட்டட நிதி சேர்ப்பது பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டார். என் மனதில் பட்டதைச் சொல்லுறன்.

மொன்றியலில் இருக்கிற எங்களில் மவுண்ட் றோயல் மலையிலுள்ள புனித சூசையப்பர் கோவிலுக்குப் போகாதவர்கள் குறைவு. கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவ ஆக்களும் அங்கே போய் மெழுகுதிரி கொளுத்திக் கும்பிடுகினம். ஊரிலிருந்து தாய் தகப்பன் வந்தாலும் முதலில் கூட்டிக்கொண்டு போறது அங்கேதான். அந்தப் பெரிய குவிமாடத்தை அண்ணாந்து பார்க்கிறவர்கள், இது யாரோ கோடீஸ்வரர் கட்டின கோவில் என்று நினைக்கக்கூடும். அது அப்படியல்ல.

அதைத் தொடக்கியவர் அந்திரே என்ற துறவறச் சகோதரர். 1845இல் கியூபெக்கில் ஒரு ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 12 வயதில் தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளை. ஒழுங்கான பள்ளிப் படிப்பும் இல்லை. 1860களில் பிழைப்புத் தேடி அமெரிக்கா போய் நெசவாலைகளில் வேலை செய்தார். எங்களைப்போல எல்லை கடந்து போய் உழைத்த ஒரு தொழிலாளிதான் அவரும். திரும்பி வந்து துறவற சபையில் சேர்ந்து, மலைக்கு எதிரேயுள்ள நோத்ர டாம் கல்லூரியில் ஏறக்குறைய 40 வருடம் வாயில் காப்பவராக இருந்தார்.

சூசையப்பருக்கு ஒரு சிற்றாலயம் எழுப்ப வேண்டும் என்பது அவருடைய ஆசை. கையில் காசில்லை. கல்லூரி மாணவருக்குத் தலைமயிர் வெட்டிவிட்டு, ஆளுக்கு 5 சதம் வாங்கிச் சேர்த்தார். சனம் கொடுத்த சின்னச் சின்னக் காணிக்கைகளும் சேர்ந்தன. 1904இல் எழும்பிய அந்தச் சிற்றாலயம் ஏறக்குறைய 15 அடிக்கு 18 அடிதான். பார்க் எக்ஸ்டென்ஷனில் நாங்கள் இருக்கிற வீடுகளின் ஹோல் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கோ.

சனம் கூடக்கூட அதைப் பெருப்பித்தார்கள். 1917இல் 1,000 பேர் இருக்கக்கூடிய கீழ்க்கோவில் முடிந்தது. 1924இல் மேலேயுள்ள பெரிய கோவிலின் வேலை தொடங்கியது. 1930களில் உலகப் பொருளாதார மந்தம் வந்து, காசில்லாமல் வேலை நின்றது. கூரையில்லாத சுவர்களோடு கோவில் வருடக்கணக்காகக் காத்துக் கிடந்தது. 1937 தை 6ஆம் திகதி அந்திரே சகோதரர் தமது 91ஆவது வயதில் காலமானபோது கோவில் முடியவில்லை. முழு வேலையும் நிறைவேறியது 1967இல். சிற்றாலயத்திலிருந்து கணக்குப் பார்த்தால் 63 வருடம். 2010இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

இதை ஏன் சொல்லுறன் என்றால், எங்களுக்கு எல்லாம் ஒரே நாளில் முடிய வேணும். அடிக்கல் நாட்டின அடுத்த வருடமே திறப்பு விழா வைக்க வேணும். அந்த அவசரத்தில் எது முதலில் தேவை என்பதை மறந்துபோகிறோம்.

இப்ப எங்கட ஊர் விஷயத்துக்கு வாறன். கோவிலும் பள்ளிக்கூடமும் ஒரே வளவுக்குள் இருக்கிற ஊர் எங்கள் ஊர். சண்டைக் காலத்தில் சனம் ஓடிப்போய் அடைக்கலம் புகுந்த இடமும் அந்த வளவுதான். எல்லா இடத்திலும் அந்த அடைக்கலம் காப்பாற்றவில்லை. 1993 கார்த்திகை 13இல் குருநகர் புனித யாகப்பர் ஆலயத்திலும், 1995 ஆடி 9இல் நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்திலும் குண்டு விழுந்தது. நவாலியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ஆகவே ஊர்க் கோவில் என்றவுடன் எங்கட நெஞ்சு இளகுவதில் பிழையில்லை.

எங்கள் ஊரவர் மத்தியில் இப்போது இரண்டு கருத்து. ஒரு பகுதியார், இடிந்த மணிக்கோபுரத்தை முன்னையிலும் பெரிதாகக் கட்டவேண்டும் என்கினம். மற்றப் பகுதியார், பள்ளிக்கூடத்துக்கு மலசலகூடமும் இரண்டு வகுப்பறைக்குக் கூரையும் முதலில் வேண்டும் என்கினம். மணிச்சத்தம் கேட்டுக் கரை சேர்ந்த கடற்தொழிலாளியின் மகன்தான் நானும். அந்த மணியின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் ஊரில் படிப்பிக்கிற என்ர அக்கா சொன்ன ஒரு சொல் மனதைக் குடையுது. மலசலகூடம் ஒழுங்கில்லாததால் பெரிய வகுப்புப் பொம்பிளைப் பிள்ளைகள் மாதத்தில் சில நாள் பள்ளிக்கூடம் வராமல் நிக்கினமாம். மணிக்கோபுரம் பத்து வருடம் பொறுக்கும். பதினாலு வயதுப் பிள்ளையின் படிப்பு பொறுக்காது. அதனால் பள்ளிக்கூடம் முதலில் என்பதே என்னுடைய பக்கம்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கு. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் இலங்கையில் கோவில் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பெடுத்தது. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி போன்ற சில மட்டும் கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாக நின்றுகொண்டன. எங்கட ஊர்ப் பள்ளிக்கூடம் பெயரில் றோமன் கத்தோலிக்கப் பாடசாலை, நிர்வாகத்தில் அரசாங்கப் பாடசாலை. ஆகவே பங்குத்தந்தையிடம் காசைக் கொடுத்தால் காணும் என்று இருக்கேலாது. அதிபரும் வலயக் கல்வி அலுவலகமும் எழுத்தில் சம்மதம் தந்த பிறகே ஒரு கல்லும் வைக்கலாம். அந்தப் பள்ளிக்கூடத்தில் சைவப் பிள்ளைகளும் படிக்கினம் என்பதையும் மறக்கக்கூடாது. இது ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்குமான வேலை.

காசு எப்படிச் சேரும் என்று கேட்பியள். ஒரு குடும்பம் மாதம் 10 டொலர், 60 குடும்பம் என்று வையுங்கோ. மாதம் 600, வருடம் 7,200 டொலர். ஓவர்ரைம் இல்லாத மாதத்தில் ஒருவர் 5 டொலர் தந்தால் அதையும் மரியாதையோடு வாங்க வேணும். ஆயிரம் தந்தவரின் பெயரைப் பளிங்குக் கல்லில் வெட்டி, அஞ்சு தந்தவரை மறந்துபோகிற வழக்கம் வேண்டாம். கல்லில் பெயர் போடுவதென்றால் ஊரின் பெயரைப் போடுவம்.

காசு சேர்க்க வந்தவர்களுக்குக் கதவு திறக்கவே சனம் பயந்த காலமும் இருந்தது. கொடுத்த காசுக்குக் கணக்குத் தெரியாமல் மனம் வெறுத்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கினம். அந்த வெறுப்பைப் பேச்சால் மாற்றேலாது, கணக்கால்தான் மாற்றலாம். வங்கிக் கணக்கில் இரண்டு பேரின் கையொப்பம் வேணும், அவர்கள் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருக்கா வரவு செலவை எல்லோருக்கும் காட்ட வேணும். அத்திவாரத்துக்கு ஒரு பங்கு, சுவருக்கு ஒரு பங்கு, கூரைக்கு ஒரு பங்கு என்று, முதல் வேலை முடிந்து பற்றுச்சீட்டு வந்த பிறகே அடுத்த காசு போகவேணும். கட்டினதைப் பராமரிக்கவும் ஒரு பகுதியை ஒதுக்க வேணும். தண்ணீரில்லாத மலசலகூடத்தால் ஒருவருக்கும் பிரயோசனமில்லை.

இந்த நாட்டுச் சட்டத்தையும் கவனியுங்கோ. பதிவு செய்யப்பட்ட தரும அமைப்பு மட்டுமே வருமானவரிக்கான பற்றுச்சீட்டுத் தரலாம். நாங்கள் தனிப்பட அனுப்புகிற காசுக்கு அது கிடையாது, ஆகவே அப்படி ஒருவருக்கும் வாக்குக் கொடுக்கக்கூடாது. இராப்போசனமும் சீட்டிழுப்பும் வைப்பதென்றால், சீட்டிழுப்புக்குக் கியூபெக் அரசின் அனுமதிப்பத்திரம் வேணுமோ என்று முன்கூட்டியே விசாரிக்க வேணும்.

என்னுடைய வேண்டுகோள் இதுதான். முதலாவது கட்டமாக மலசலகூடமும் தண்ணீர் வசதியும். இரண்டாவதாக வகுப்பறைக் கூரை. மூன்றாவதாக மணிக்கோபுரம். கடன்படாமல், கைக்காசு உள்ளமட்டும் கட்டுவம். கோபுரம் எழும்பும்போது எங்களில் சிலர் இருக்கமாட்டோம். அந்திரே சகோதரரும் தன் கோவில் முடிந்ததைக் காணவில்லை. அதற்காக அவர் அந்த முதல் 5 சதத்தை வாங்காமல் விடவில்லை.

வாசலில் பதிவுக் கொப்பி வைத்திருக்கிறோம். போகும்போது பெயரைப் பதிந்துவிட்டுப் போங்கோ. எல்லோருக்கும் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.