தபாலுக்கு வாழ்த்து, தபாலில் வரவில்லை

(சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

"நடப்புச் செய்திகளைப் பற்றிச் சிரிக்கும்படி பத்து நிமிஷம் பேசுங்கள். ஆனால் அரசியல் வேண்டாம்" என்று செயலாளர் உத்தரவு போட்டார். அரசியலை எடுத்துவிட்டால் பேப்பரில் மிஞ்சுவது இரங்கல் விளம்பரமும் ஆண்டு நிறைவும்தான். முதலாவதில் சிரிக்க ஒன்றுமில்லை. எனவே இரண்டாவதை எடுத்துக்கொண்டேன்.

2025-ஆம் வருஷம் ஆண்டு நிறைவுக்குப் பஞ்சமே இல்லை. எமர்ஜென்சிக்கு 50. 'ஷோலே' படத்துக்கு 50. வந்தே மாதரத்துக்கு 150. நம் வீடுகளில் அறுபதுக்கும் எண்பதுக்கும்தான் விழா. தேசத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. பூஜ்யத்தில் முடிந்தால் போதும், மேடை போட்டுவிடுவார்கள்.

அந்த வருஷம் அக்டோபர் 9-ஆம் தேதி காலை என் கைபேசியில் "உலகத் தபால் தின வாழ்த்துக்கள்" என்று பதினொரு செய்திகள் வந்திருந்தன. 1874-இல் சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரத்தில் உலகத் தபால் சங்கம் உருவான நாள் அது. மறுநாள் 10-ஆம் தேதி நம் தேசியத் தபால் தினம். அதற்கு ஒன்பது வாழ்த்து. ஆக மொத்தம் இருபது. இவற்றில் ஒன்றாவது தபாலில் வந்ததா என்று வாசலில் போய்ப் பார்த்தேன். மின்சார பில் இருந்தது.

இதில் இன்னொரு வேடிக்கை. வாழ்த்து வருவதற்கு ஐந்து வாரம் முன்புதான், செப்டம்பர் 1-ஆம் தேதி, நம் பழைய ரிஜிஸ்தர் தபாலை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். ஸ்பீட் போஸ்ட் 1986 ஆகஸ்டில் பிறந்த பிள்ளை. ரிஜிஸ்தர் தபாலோ வெள்ளைக்காரன் காலத்துப் பெரியவர். பெரியவரால் தனியாகக் குடித்தனம் நடத்த முடியவில்லை, பிள்ளை வீட்டோடு வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் போகவில்லை. ஸ்பீட் போஸ்டுக்கு மேல் 5 ரூபாயும் வரியும் கட்டினால் இப்போதும் "ரிஜிஸ்ட்ரேஷன்" உண்டு. பெயர் இருக்கிறது, தனி வீடு இல்லை. இந்த நிலைமை நம்மில் பலருக்குப் புரியும்.

தந்திக்கு நேர்ந்தது ஞாபகம் இருக்கலாம். ஏறக்குறைய 160 வருஷம் ஓடிய சேவை, 2013 ஜூலை 14-ஆம் தேதியோடு நின்றது. அன்று தந்தி ஆபீஸ்களில் கூட்டம் தாங்கவில்லை. அதில் பலர் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தந்தி கொடுக்க வந்தவர்கள்! உயிரோடு இருந்தபோது எட்டிப் பார்க்காத உறவெல்லாம் கடைசி நாளில் வந்து வரிசையில் நின்றது. இதுவும் நமக்குப் புதிதல்ல.

சரி, பழையது போனால் புதியது வரத்தானே வேண்டும். 1972 ஆகஸ்ட் 15-ஆம் தேதி பின் கோட் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற அதிகாரி. சம்ஸ்கிருதத்தில் கவிதையும் நாடகமும் எழுதிய பண்டிதர். ஒரே பெயரில் பத்து ஊர், பல மொழி, தலையெழுத்து மாதிரிக் கையெழுத்து என்று திண்டாடிய தபால் துறைக்கு ஆறு இலக்கத்தில் விமோசனம் கொடுத்தார். முதல் எண் மண்டலம். தமிழ்நாடும் கேரளமும் 6, மகாராஷ்டிரம் 4, ராணுவத்துக்கு 9. கடைசி மூன்று எண்கள் பட்டுவாடா செய்யும் தபால் ஆபீஸைச் சொல்லும்.

2025-இல் அதற்கும் மேலே ஒரு படி போய் 'டிஜிபின்' கொண்டுவந்திருக்கிறார்கள். பத்து எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு. தேசம் முழுவதையும் சுமார் நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. அதாவது பூஜை அறைக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, மாமாவின் சாய்வு நாற்காலிக்குத் தனியாக ஒன்று. ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் நல்ல உபயோகம்தான், கேலி செய்யவில்லை. நாம் எந்த நாலு மீட்டரில் உட்கார்ந்திருக்கிறோம் என்று இனி சர்க்காருக்குச் சொல்லிவிடலாம். நாம் எங்கே இருக்கிறோம் என்று நமக்குள் ஒருவருக்கொருவர் தெரியுமா?

இதைக் கேட்க எனக்குத் தகுதி இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நம் காலாண்டு இதழுக்கு விலாசச் சீட்டு ஒட்டும் வேலையைச் சில வருஷமாக நான் பார்த்து வருகிறேன். ஒவ்வொரு தடவையும் சில பிரதிகள் திரும்பி வரும். அப்படி வட இந்திய நகரம் ஒன்றிலிருந்து ஒரு மாமியின் பிரதி திரும்பி வந்தது. நம் சங்கத்தின் ஆரம்ப கால உறுப்பினர். கணவர் காலமான பிறகும் சந்தாவை நிறுத்தாதவர். விசாரிக்க வேண்டும் என்று நினைத்து, பிரதியைப் பைக்குள் போட்டேன். மூன்று மாதம் கழித்து அடுத்த இதழும் திரும்பி வந்தது. அதையும் அதே பைக்குள் போட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மாமிக்கு எண்பது வயது. நம் வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்து குவிந்தது. பூமாலை என்ன, விளக்கு என்ன, "சதம் ஜீவ" என்ன! நானும் ஒரு மாலை போட்டேன். நாற்பதுக்கும் மேல் வாழ்த்து வந்த இடத்தில் மாமியிடமிருந்து ஒரு பதில்கூட இல்லை என்பதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

மூன்றாவது பிரதி திரும்பி வந்தபோது, உறையின் பின்புறம் தபால்காரர் ஹிந்தியில் பென்சிலால் இரண்டு வரி எழுதியிருந்தார். வீடு பல மாதமாகப் பூட்டியிருக்கிறது, பிள்ளை வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார் என்று. வாழ்த்தின நாங்கள் அத்தனை பேரும் கவனிக்காததை, இதழைக் கொண்டுபோய் ஏமாந்து திரும்பிய அந்த ஒரு மனிதர் கவனித்திருக்கிறார்.

அப்புறம்தான் நாலு இடத்தில் விசாரித்தேன். மாமி கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். பழைய நம்பர் போய்விட்டது, புது நம்பரை யாரிடம் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மூன்று இதழையும் கட்டி ரிஜிஸ்தரில் அனுப்பினேன். அப்போது அது தனியாகவே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு கையெழுத்தோடு வந்தது. பின்னாலேயே ஒரு போஸ்ட் கார்டும் வந்தது. "இதழ் நின்றுபோய்விட்டதே, சந்தா பாக்கி வைத்துவிட்டேனோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று தெரிவிக்கவும்."

தப்பு எங்கள் பேரில். கவலைப்பட்டது மாமி. அந்தக் கார்டை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வாட்ஸ்அப்பைக் குறை சொல்ல இங்கே வரவில்லை. பேரன் முகத்தைத் தினமும் காட்டும் வஸ்துவை நான் ஏன் திட்ட வேண்டும்? ஆனால் அதில் அனுப்புவது சுலபமாகிவிட்டதால், அனுப்பினதோடு கடமை முடிந்தது என்று ஆகிவிட்டது. ரிஜிஸ்தர் தபாலின் சூட்சுமம் அனுப்பும் ரசீதில் இல்லை. போய்ச் சேர்ந்தது என்று ஒருவர் கையெழுத்துப் போட்டு, அந்த அட்டை நம்மிடம் திரும்பி வரும்வரை காத்திருப்பதில் இருந்தது. சேவை ஸ்பீட் போஸ்டோடு சேரட்டும். காத்திருக்கும் பழக்கம் போக வேண்டாம்.

ஆகவே பொதுக்குழுவுக்கு இரண்டு விண்ணப்பம். முதலாவது, திரும்பி வரும் எந்தப் பிரதியும் இனிமேல் என் பைக்குள் போகக் கூடாது. ஒரு வாரத்துக்குள் அந்த ஊர்ப் பிரதிநிதி கைக்குப் போக வேண்டும். அவர் நேரில் போய்க் கதவைத் தட்ட வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு கிளையும் 75 வயது தாண்டிய உறுப்பினர்களின் பட்டியலைப் பிரித்துக்கொண்டு, ஆளுக்கு மூன்று பேர் என்று, இதழ் வெளிவரும்போதெல்லாம் ஒரு கார்டு போட வேண்டும். 1879-இல் கால் அணாவுக்கு வந்த கார்டு, இந்தக் காலத்திலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. நாலு வரி போதும். பதில் வராவிட்டால் டெலிபோன் செய்யுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் பஸ் ஏறுங்கள்.

எண்பதுக்கு மாலை போடலாம், தப்பில்லை. மாலை விழும் இடத்தில் கழுத்து இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் போடுவோம்.

கார்டில் பின் கோட் எழுத மறக்காதீர்கள். பந்தி தயார் என்று செயலாளர் கைகாட்டுகிறார். நமஸ்காரம்.