குழந்தைக்கு ஆட்டிசம்னு சொல்லிட்டாங்களா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



சித்திரை மாதக் கூட்டத்தில் நம்ம குழுத் தோழி ஒருத்தர் 15,000 ரூபாய் உள்கடன் கேட்டாங்க. 3 வயசுப் பையனுக்கு ஆட்டிசம்னு பெரியாஸ்பத்திரியில் சொல்லிட்டாங்க. 48 நாள் மருந்தில் முழுசா குணமாக்குறேன்னு ஒருத்தர் பணம் கேட்கிறார்னு சொல்லி அழுதாங்க. அன்னைக்கு நாங்க விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதை உங்களுக்கும் சொல்றோம்.

ஆட்டிசம் என்பது மூளை வளர்ற விதத்திலேயே இருக்கிற வேறுபாடு. அதை அடியோடு போக்குற மருந்து எந்த வைத்தியத்திலும் இல்லை. (தூக்கமின்மை, வலிப்பு இருந்தால் டாக்டர் மருந்து தருவார், அது வேற.) கிரகணம் பார்த்ததாலோ தடுப்பூசி போட்டதாலோ இது வருவதில்லை. தாயோட பாசக்குறைவுதான் காரணம்னு ஒரு காலத்தில் வெளிநாட்டு டாக்டர்களே சொன்னாங்க. அது தப்புன்னு எப்பவோ ஆகிப்போச்சு. நம்ம மாமியார்கள்தான் இன்னும் விடலை!

காது பரிசோதனை ஆகலைன்னா முதலில் அதைச் செய்யணும். மாவட்ட அரசு மருத்துவமனையில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கேன்னு கேளுங்க, பயிற்சி இலவசம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கு. அதனால அடையாள அட்டைக்கும் எழுதிக் கொடுங்க. சீட்டுகளை எல்லாம் ஒரே பையில் வையுங்க.

ஆனா மாசத்துக்கு நாலு தடவை பஸ் ஏறிப் போனால் மட்டும் போதாது. மீதி நாளெல்லாம் வீட்டில்தானே? அந்தப் பையன் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், பிஸ்கட் கவர் சத்தத்துக்கு ஓடி வருவான். தண்ணின்னா உயிர். அந்தத் தண்ணியிலேயே ஆரம்பிங்கன்னு பயிற்சி கொடுக்கிற அம்மா சொன்னாங்க. குளிக்கும்போது ஒரு செம்பு ஊத்தி நிறுத்தணும். முகத்துக்கு நேரா உட்கார்ந்து, "தண்ணி" என்று ஒரே வார்த்தை. மனசுக்குள்ள 10 எண்ணிக் காத்திருக்கணும். அவன் பார்த்தாலோ கை நீட்டினாலோ உடனே ஊத்தணும். பேசலைன்னு அடிக்கக் கூடாது. செல்போனைக் கொடுத்து ஒதுக்கி வைக்கவும் கூடாது. அங்கன்வாடிக்கு அனுப்புறதையும் நிறுத்தாதீங்க.

மருந்துக்குக் கடன் தரலை. பஸ் செலவுக்கு 2,000 கொடுத்தோம். ஆஸ்பத்திரி நாளில் அவங்க மாட்டை நாங்க முறை போட்டுப் பார்த்துக்கிறோம். பையன் இன்னும் பேசலை. செம்பை எடுத்து அம்மா கையில் கொடுக்கிறான்.

உங்க ஊர்லயும் இப்படிப் பிள்ளை இருந்தால் அந்தத் தாயை அடுத்த கூட்டத்துக்குக் கூட்டிட்டு வாங்க. பிள்ளையையும்தான். சத்தம் போட்டால் போடட்டும்.