நாற்பதைத் தாண்டிய கைகள்

(பங்காளர் கூடுகையில் எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவினர் ஆற்றிய உரை)



"ஊசியில் நூல் கோக்கக் கை முன்போல் வணங்குவதில்லை" என்று நாற்பது, ஐம்பது வயதுள்ளவர்கள் எங்களிடம் சொல்வதுண்டு. கண்பார்வைதான் காரணம் என்று அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். மூளைக்கும் அதில் பங்கு உண்டு.

மூளையின் இடது பாதி வலது கையை இயக்குகிறது; வலது பாதி இடது கையை இயக்குகிறது. இளவயதில் வலது கை ஒரு வேலையைச் செய்யும்போது, இடது பாதி வேலை செய்ய, வலது பாதி அடக்கி வைக்கப்படுகிறது. இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தின் வழியாகவே இந்த அடக்குதல் நடக்கிறது. நடுத்தர வயதில் இது மெல்லத் தளரத் தொடங்குகிறது. ஒரு கையின் வேலைக்கு இரு பாதிகளும் விழித்துக்கொள்கின்றன. விரல்களின் வேகமும் நுட்பமும் சற்றுக் குறையலாம். இது நோயல்ல. தவறாமல் உடற்பயிற்சி செய்துவரும் நடுத்தர வயதினரிடம் இந்தத் தளர்ச்சி குறைவாக இருப்பதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதை உங்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1940-களின் பிற்பகுதியில் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். நல்ல தசை ஒன்றின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்குப் பொருத்துவதே அந்தச் சிகிச்சை. கத்தியின் வேலை ஒரே நாளில் முடிந்துவிடும். ஏறக்குறைய மூன்று வாரம் மாவுக்கட்டு. அதன் பிறகுதான் மூளையின் வேலை ஆரம்பம். பல ஆண்டுகள் ஒரு வேலையைச் செய்துவந்த தசைக்கு இப்போது புது வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். விரலை நீட்டவும், மடக்கவும், சோற்றைப் பிசையவும், பொத்தான் போடவும் தினமும் பழக வேண்டும். வயது ஏற ஏற இதற்குப் பொறுமை அதிகம் தேவைப்படுகிறது.

ஆனாலும் மூளை கற்றுக்கொள்வதை நிறுத்திவிடுவதில்லை. பக்கவாதம் வந்த 222 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2006-ல் வெளிவந்தது. ஒரு பிரிவினரின் நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, பாதிக்கப்பட்ட கைக்கு இரண்டு வாரம் தீவிரப் பயிற்சி கொடுத்தார்கள். வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களைவிட அவர்களின் கை அதிகமாகத் தேறியது. அவர்களில் நடுத்தர வயதைக் கடந்தவர்களும் பலர்.

ஆகவே ஐம்பது வயதுக் கூலித் தொழிலாளியிடம் "இனி உன் கை வராது" என்று நாங்கள் சொல்வதில்லை. "இன்னும் சில வாரம் தங்குங்கள்" என்றே சொல்கிறோம். அந்தச் சில வாரங்கள்தான் அவருக்குப் பெரும் பாரம். கூலி இல்லை, வீட்டில் அடுப்பெரிய வேண்டும். பயிற்சியைப் பாதியில் விட்டுப் போனால் அறுவை சிகிச்சையின் பலன் முழுமையாகக் கிடைப்பதில்லை.

நீங்கள் அனுப்பும் காணிக்கை கத்திக்கும் மருந்துக்கும் மட்டுமல்ல, அந்த வாரங்களின் உணவுக்கும் தங்குமிடத்துக்கும் உதவுகிறது. ஒரு மூளை தன் கையை மறுபடியும் அறிந்துகொள்ளத் தேவையான நாட்களை நீங்கள் கொடுக்கிறீர்கள்.