பால் பாக்கெட்டை அவனே வாங்கி வரட்டும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு ஐ.க்யூ. மட்டும்தான் பார்ப்பார்கள் என்று பலரும் நினைக்கிறோம். இன்னொரு அளவுகோலும் உண்டு. அமெரிக்காவில் வைன்லேண்ட் என்ற ஊரில் எட்கர் டால் என்பவர் 1930-களில் உருவாக்கியது. நம் நாட்டுக்கு ஏற்ப அதை மாலின் என்பவர் மாற்றி அமைத்தார். மொத்தம் 89 விஷயங்கள். தானே சாப்பிடுகிறானா, பொத்தான் போடுகிறானா, கடையில் சின்னச் சாமான் வாங்குகிறானா என்று பெற்றோரிடம் கேட்பார்கள். 'செய்ய முடியுமா' என்பதைவிட, 'வழக்கமாகச் செய்கிறானா' என்பதுதான் முக்கியம்.

பதினான்கு வயதுப் பையனுக்குப் பாட்டி சோறு பிசைந்து ஊட்டினால் அது பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் அவன் கை சும்மா இருக்கிறது.

பெற்றோரின் வளர்ப்பு முறையை டயானா பாம்ரிண்ட் 1960-களில் மூன்றாகப் பிரித்தார்: வெறும் கண்டிப்பு, வெறும் செல்லம், அன்போடு வரம்பும் வைப்பது. புத்தகத்தில் பிரிப்பது சுலபம். நம் குடியிருப்பில் ஒரே அம்மா வீட்டுக்குள் செல்லமாகவும் லிஃப்டுக்குள் கண்டிப்பாகவும் இருப்பார். லிஃப்டில் நாம் நிற்கிறோமே! பிள்ளை சத்தம் போட்டால் நாம் முகம் சுளிக்கிறோம். அவர் அவன் வாயைப் பொத்துகிறார். இரண்டு தடவை அப்படி ஆனால் மூன்றாவது தடவை அவனை வெளியே கூட்டி வரவே மாட்டார். அந்த வளர்ப்பு முறையில் நமக்கும் பங்குண்டு.

சிறப்பு ஆசிரியர்கள் ஒரு வழி சொல்வார்கள். வேலையைத் துண்டு துண்டாக்கி, கடைசித் துண்டை முதலில் பிள்ளையிடம் விடுவது. பனியனைத் தலையில் மாட்டி, கைகளை நுழைத்துவிட்டு, கீழே இழுத்துவிடுவதை மட்டும் அவனிடம் விடுங்கள். அது பழகியதும் அதற்கு முந்திய துண்டு. மாதங்கள் ஆகும், பொறுமை வேண்டும்.

"எங்க காலத்துக்குப் பிறகு இவனை யார் பார்ப்பா?" இந்தப் பெற்றோர் எல்லோரும் கேட்பது இதைத்தான். 18 வயதுக்குப் பின் காப்பாளரை நியமிக்க 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. கலெக்டர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். காப்பாளர் கையெழுத்துப் போடுவார். பல் தேய்ப்பதையும் பஸ் ஏறுவதையும் பிள்ளைதான் பழக வேண்டும்.

ஆகவே அந்தப் பையன் கீழே கடைக்குத் தனியாக வந்தால், "தனியா விட்டுட்டாங்க" என்று வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். சில்லறை எண்ணத் தாமதமானால் அவன் கையிலிருந்து பிடுங்கி நீங்கள் எண்ணாதீர்கள். வரிசையில் இரண்டு நிமிஷம் நில்லுங்கள்.